வளர்ப்பு வைரம்: பெயரும் விலையும்

கொங்கு நாட்டில் நிச்சயம் என்றால் உப்புச் சர்க்கரை மாற்றுவதுதான் பழைய முறை. மோதிரம் மாற்றுவது பின்னால் வந்து சேர்ந்தது. ஆனால் இன்று கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் மோதிரம் எடுக்காமல் நிச்சயம் நடப்பது அரிது. அதில் வைரக்கல்லும் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கடைக்குப் போனால் அங்கே ஒரு புதுச் சொல் காத்திருக்கிறது: ‘லேப் குரோன் டைமண்ட்’. செய்தித்தாளில் அது ஆய்வக வைரம். வீட்டுப் பெரியவர்கள் வாயில் செயற்கைக் கல்.

“இது நெசமான வைரமுங்களா?” என்று ஒரு அப்பாரு கேட்டால், நேர்மையான கடைக்காரர் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: “வைரமேதானுங்க. ஆனா மண்ணுக்குள்ள இருந்து எடுத்தது இல்லீங்க.” இந்தப் பதிலின் இரண்டு பாதியும் சேர்ந்து புரிந்தால்தான் விலை புரியும்.

வைரம் என்பது கரி அணுக்கள் நெருக்கமாக அடுக்கிக்கொண்ட படிகம். பூமியின் ஆழத்தில் நூறு கிலோமீட்டருக்கும் கீழே, பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் உருவாகி, எரிமலைக் குழம்போடு மேலே வந்தது இயற்கை வைரம். அதே அடுக்கை இயந்திரத்துக்குள் உண்டாக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கரியை மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைப்பது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1954 டிசம்பரில் இப்படி வைரம் செய்து, 1955-ல் உலகுக்கு அறிவித்தது. தொழிலில் இதை ஹெச்.பி.ஹெச்.டி. என்கிறார்கள். மற்றது சி.வி.டி.: மீத்தேனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவைச் சூடேற்றிப் பிளந்து, அதிலிருந்து பிரியும் கரியை ஒரு மெல்லிய வைரத் துண்டின் மேல் படியவைப்பது. அந்தத் துண்டுக்கு விதை என்றே பெயர். சில வாரங்களில் படலம் படலமாக ஏறி மோதிரத்துக்கு ஏற்ற கல்லாகிவிடும். குஜராத்தின் சூரத்தில் நடப்பது பெரும்பாலும் இந்த முறைதான்.

ஆக, ‘அமெரிக்கன் டைமண்ட்’, ‘ஏ.டி. கல்’ என்று நாம் சொல்லும் சிர்கோனியாவோடு இதைச் சேர்க்கக் கூடாது. அது வேறு பொருள், வைரமே கிடையாது. வளர்த்த கல்லுக்கோ கடினம், ஒளி சிதறும் விதம், வெப்பம் கடத்தும் விதம் எல்லாம் இயற்கை வைரத்துக்கு உள்ளவையே. கடையில் கல்லின் மேல் வைத்ததும் ‘பீப்’ என்று சத்தம் போடும் சிறிய சோதனைக் கருவி இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் சத்தம் போடும். சத்தம் வந்துவிட்டது, அதனால் இது சுரங்க வைரம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். இதற்கென்றே உள்ள சிறப்புக் கருவிகளால்தான் பிரித்தறிய முடியும்.

சரி, வைரம் என்ற சொல்லுக்கு வருவோம். பழைய நூல்களில் இது வயிரம். வடமொழி ‘வஜ்ர’ பிராகிருதத்தில் ‘வைர’ ஆகி, அங்கிருந்து தமிழுக்கு வந்தது என்பது சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி வழி வந்த கருத்து. அதே ‘வஜ்ர’ இன்னொரு பாதையில் வச்சிரம் என்றும் நம்மிடம் இருக்கிறது. முற்றிய மரத்தின் நடுக்கட்டையையும் வைரம் என்கிறோம். காட்டு வேம்பை அறுக்கும்போது ‘வைரம் பாஞ்ச மரம்’ என்று ஆசாரி தட்டிப் பார்த்துச் சொல்வார். உறுதி என்ற பொருளில்தான் கல்லும் மரமும் இந்தப் பெயருக்குள் வந்து சேர்கின்றன.

கல்லை மதிப்பிடுவதும் நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரம் மதுரையின் மணி வீதியைச் சொல்லும்போது, வயிரத்தில் இருக்கக் கூடாத குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்ற நான்கை எண்ணுகிறது. காக்கைக் காலடி போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு. இன்று சான்றிதழில் ‘கிளாரிட்டி’ என்ற தலைப்பில் வருவது இதைத்தான். தெளிவு என்று தாராளமாகச் சொல்லலாம். ‘கட்’ என்பதற்குப் பட்டை என்ற நல்ல சொல் தொழிலிலேயே இருக்கிறது. கொங்கு மண்ணுக்கு இதில் தனிப் பெருமையும் உண்டு. நொய்யல் கரையில், சென்னிமலைக்கு மேற்கே உள்ள கொடுமணலில் பளிங்கு, நீலம், பச்சைக்கல், சூதுபவளம் கொண்டு மணி செய்த பட்டறைகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்ததை அகழாய்வு காட்டியிருக்கிறது. படியூரில் பச்சைக்கல்லும் சிவன்மலைப் பக்கம் நீலமும் கிடைத்தன. கல்லுக்குப் பட்டை தீட்டிப் பிழைத்த ஊர்க்காரர்கள் நாம், கல்லைப் பற்றிய சொற்களில் கவனமாக இருப்பதே நியாயம்.

இந்தக் கல்லுக்கு எந்தப் பெயர் சரி? ‘செயற்கை வைரம்’ இலக்கணப்படி தவறில்லை. ஆனால் சந்தையில் அது போலி என்றே காதில் விழுகிறது. ‘ஆய்வக வைரம்’ பரவிவிட்டது, புரிகிறது. ஆனாலும் இந்தக் கல் வளர்வது வரிசையாக இயந்திரங்கள் ஓடும் ஆலையில். ஆய்வகம் என்றதும் யாரோ அறிவியலாளர் பொத்திப் பொத்தி ஒன்றிரண்டு செய்ததாக ஒரு மதிப்பு ஒட்டிக்கொள்கிறது. நான் பரிந்துரைப்பது வளர்ப்பு வைரம். வளர்ப்பு முத்து என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அது முத்து என்பதையும் மறைப்பதில்லை, மனிதர் வளர்த்தது என்பதையும் மறைப்பதில்லை. மற்றதை இயற்கை வைரம் அல்லது சுரங்க வைரம் என்று சொன்னால் குழப்பம் இல்லை.

எடைக்கு வருவோம். கேரட் என்ற சொல்லுக்கு மூலம் கிரேக்கத்தில் ‘சிறு கொம்பு’ என்று பொருள்படும் ‘கெராத்தியோன்’. கரோப் மரத்தின் காய்க்கும் விதைக்கும் அந்தப் பெயர். அரபியில் ‘கீராத்’ ஆகி, ஐரோப்பா போய், நம்மிடம் வந்தது. அங்கே கரோப் விதை வைத்து நிறுத்தார்கள், இங்கே குன்றிமணியும் மஞ்சாடியும் வைத்து நிறுத்தோம். 1907 முதல் ஒரு கேரட் 200 மில்லிகிராம் என்பது உலக அளவு. ஐந்து கேரட் ஒரு கிராம். ஒரு கேரட்டில் நூறு சென்ட். ஏக்கருக்கு நூறு சென்ட் என்று காட்டுக்குக் கணக்குப் போடும் நமக்கு இது மறக்காது. தங்கத்தில் சொல்லும் 22 கேரட், 18 கேரட் தூய்மையைக் குறிப்பது. வேர் ஒன்று, வேலை வேறு. தங்கத்துக்கு மாற்று, அதாவது தூய்மை அளவு, என்றும் வைரத்துக்கு எடை என்றும் தமிழில் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இனி விலை. இயற்கை வைரத்தில் பெரிய கல் அரிது. அதனால் எடை இரட்டித்தால் விலை இரண்டு மடங்கோடு நிற்காது, தாவி ஏறும். வளர்ப்பு வைரத்தில் அரிது என்ற பேச்சே இல்லை. இயந்திரம், மின்சாரம், பட்டை தீட்டும் கூலி, வியாபாரியின் லாபம், இவைதான் விலை. இயந்திரம் பெருகப் பெருக விலை இறங்குகிறது. சுரங்க வைரத்தில் உலகப் பெயர் பெற்ற டி பீர்ஸ் 2018-ல் ‘லைட்பாக்ஸ்’ என்ற பெயரில் வளர்ப்பு வைரம் விற்கத் தொடங்கியபோது கேரட்டுக்கு 800 டாலர் என்று ஒரே விலை வைத்தது. 2024-ல் அதை 500 ஆக்கியது. 2025-ல் அந்தத் தொழிலையே மூடுவதாக அறிவித்தது. நம் நாட்டில் 2023 பட்ஜெட்டில் வைர விதைக்கான சுங்க வரி நீக்கப்பட்டது. இந்தத் தொழில்நுட்பத்தை இங்கேயே வளர்க்கச் சென்னை ஐ.ஐ.டி.க்கு நிதியும் ஒதுக்கினார்கள். இதெல்லாம் விலையைக் கீழே தள்ளும் காரணங்கள். இன்று ஒரே அளவு, ஒரே தரம் என்றால் வளர்ப்பு வைரத்தின் விலை இயற்கை வைரத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழேயே பெரும்பாலும் இருக்கிறது.

தரத்துக்காகக் கூட்டிக் கேட்கும் பணத்தையும் யோசித்துக் கொடுங்கள். வளர்ப்புக் கற்களில் பெரும்பாலானவை நிறத்திலும் தெளிவிலும் மேல் தரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. அதனால்தான் வைரத்துக்குத் தரச் சான்றிதழ் தரும் அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. நிறுவனம் 2025-ல் இவற்றுக்கு நுணுக்கமான எழுத்துத் தரம் போடுவதை விட்டு, ‘பிரீமியம்’, ‘ஸ்டாண்டர்ட்’ என்று இரண்டாகச் சுருக்கியது. நிறத்தில் ஒரு எழுத்து உயர்வுக்குக் கொடுக்கும் காசை நல்ல பட்டைக்குக் கொடுத்தால் கல் மின்னும். எடை மட்டும் பார்த்து ஏமாறவும் வேண்டாம். நன்றாகப் பட்டை தீட்டிய ஒரு கேரட் வட்டக் கல் ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். ஆழமாக வெட்டியிருந்தால் அதே எடைக்கு அகலம் குறையும்.

கல் மலிந்ததால் பில்லில் இன்னொன்றும் மாறிவிட்டது. முன்பு வைர மோதிரத்தில் கல்தான் பெரிய தொகை. இப்போது தங்கமும் செய்கூலியும் கல்லை மிஞ்சிவிடக்கூடும். ஆகவே மொத்த எடை எவ்வளவு, கல் நீக்கிய நிகர எடை எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். வைரம் பதிக்க உறுதி வேண்டும் என்பதால் பெரும்பாலும் 18 கேரட் தங்கம்தான் போடுவார்கள். 916 பார்த்துப் பழகிய கண்ணுக்கு அங்கே 750 என்ற முத்திரை தெரியும். தங்க விலையும் அந்த மாற்றுக்கே போட வேண்டும். ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும்தான் சாட்சி, கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கல்லுக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். அதன் எண்ணும் ‘லேப்குரோன்’ என்ற சொல்லும் பல கற்களின் விளிம்பில் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும், லென்ஸ் வைத்துக் காட்டச் சொல்லலாம்.

அப்புறம், நம் வீடுகளில் தவறாமல் கேட்கும் கேள்வி: “திருப்பிக் குடுத்தா என்னங்க கெடைக்கும்?” பவுன் வாங்குவதே அவசரத்துக்கு உதவும் என்றுதான். வளர்ப்பு வைரத்திடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. புதுக் கல்லே ஆண்டுக்கு ஆண்டு மலிவாகும்போது பழைய கல்லுக்கு வெளிச்சந்தையில் வாங்குபவர் கிடைப்பது கடினம். விற்ற கடையே திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னால், எத்தனை சதவீதம், பணமாகவா வேறு நகையாகவா, எந்த நாள் விலைக்கு என்பதை எழுதி வாங்குங்கள். இயற்கை வைரமும் வாங்கிய விலைக்கு அப்படியே போகாது. ஆனால் அதற்கு ஒரு சந்தையாவது உண்டு.

போட்டு அழகு பார்க்க ஒரு பெரிய கல், குறைந்த செலவில், கடன் படாமல் வேண்டும் என்றால் வளர்ப்பு வைரம் நல்ல தேர்வு என்பது என் கருத்து. சேமிப்பு என்று நினைத்தால் அந்தப் பணத்தைப் பவுனாக வைத்துக்கொள்ளலாம். எதை எடுத்தாலும் பில்லில் வெறும் ‘டைமண்ட்’ என்று எழுத விடாதீர்கள். வளர்ப்பு வைரம், இத்தனை சென்ட், சான்றிதழ் எண் இன்னது என்று எழுதச் சொல்லிப் படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.