விலையை மாற்றியும் தொகை ஏன் மாறவில்லை?

பாலக்கோடு பக்கத்துப் பால் சங்கச் செயலாளர் ஒருவர் கேட்கிறார்: “கூகுள் ஷீட்ஸில் பால் தொகை போட நானே ஒரு ஃபங்ஷன் எழுதினேன். தொகை சரியாக வந்தது. கொழுப்பு விலையை ஏற்றிய பிறகும் பழைய தொகையே நிற்கிறது. அழித்துவிட்டு மறுபடி ஒட்டிப் பார்த்தேன், அதேதான். ஷீட்டில் கோளாறா?”

ஷீட்டில் கோளாறு இல்லை. விலையை ஃபங்ஷனுக்குக் கொடுத்த விதத்தில்தான் சிக்கல்.

ஃபங்ஷன் என்றால் உள்ளீடுகளை வாங்கி, கணக்குப் போட்டு விடை தரும் சிறு நிரல். அதை எழுதும் வழி பலருக்கும் தெரிந்ததே. எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டை (நிரல் எழுதும் இடம்) திறந்து, ஒரு பெயர், அடைப்புக்குறிக்குள் உள்ளீடுகள், கடைசியில் விடையைத் திருப்பும் ரிட்டர்ன் என்று ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மொழியில் எழுதிச் சேமித்தால் போதும். பெயர் அண்டர்ஸ்கோரில் (_) முடிந்தால் மட்டும் செல்லிலிருந்து (ஷீட்டின் கட்டத்திலிருந்து) அதைக் கூப்பிட முடியாது.

கணக்கு இப்படி. லாக்டோமீட்டர் (பாலின் அடர்த்தி பார்க்கும் கருவி) அளவை 4ஆல் வகுத்து, கொழுப்புச் சதவீதத்தின் 0.2 மடங்கையும் 0.36ஐயும் கூட்டினால் எஸ்.என்.எஃப், அதாவது கொழுப்பு நீங்கலான திடச்சத்தின் சதவீதம். (கடைசி இரண்டு எண்களும் இடத்துக்கு இடம் மாறும், உங்கள் சங்கத்தில் நடப்பதையே போடுங்கள்.) லாக்டோ 28, கொழுப்பு 4.0 என்றால் எஸ்.என்.எஃப் 8.16. பால் 6.5 லிட்டர், லிட்டருக்கு 1.028 கிலோ வீதம் எடை 6.682 கிலோ. அந்த எடையில் உள்ள கொழுப்புக்குக் கிலோ 300 ரூபாய், எஸ்.என்.எஃப்புக்குக் கிலோ 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தொகை 216.50. கொழுப்பு விலையை 310 ஆக்கினால் 219.17 வரவேண்டும். ஆனால் செல் 216.50இலேயே நிற்கிறது.

இங்கேதான் விரிதாளின் அழகான உள்வேலை தெரிகிறது. ஷீட் மேலிருந்து கீழாகக் கணக்குப் போட்டுக்கொண்டு போவதில்லை. ஒவ்வொரு ஃபார்முலாவிலும் எந்தெந்த செல்லின் பெயர் இருக்கிறது என்று பார்த்து, யார் யாரை நம்பியிருக்கிறார்கள் என்று ஓர் உறவுப் படம் போட்டு வைத்திருக்கிறது. ஒரு செல் மாறினால் அதை நம்பியவை, அவற்றை நம்பியவை என்று அந்த வரிசையில் மட்டுமே மறுகணக்கு. கல்யாணப் பத்திரிகை மாதிரிதான்: பட்டியலில் பெயர் இல்லாத வீட்டுக்குத் தகவல் போகாது.

நாம் எழுதிய ஃபங்ஷனின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று ஷீட் எட்டிப் பார்ப்பதில்லை. அடைப்புக்குறிக்குள் இருக்கும் உள்ளீடுகள்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். செயலாளர் லிட்டர், கொழுப்பு, லாக்டோ மூன்றை மட்டும் கொடுத்துவிட்டு, விலையை ஃபங்ஷனுக்குள்ளேயே வேறு தாளிலிருந்து படித்திருக்கிறார். விலை செல்லுக்கும் தொகை செல்லுக்கும் இடையே உறவே பதிவாகவில்லை. அதோடு, அதே உள்ளீடுகளைத் திரும்பக் கொடுத்தால் முன்பு கண்ட விடையையே எடுத்து நீட்டும்படி கூகுள் அமைத்திருக்கிறது. அழித்து ஒட்டியது வெறும் பரிகாரம், கிரகம் மாறாது.

தீர்வு, இரண்டு விலைகளையும் நான்காம் ஐந்தாம் உள்ளீடாகக் கொடுப்பது. விலை செல்லின் முகவரியில் டாலர் குறி போட்டுப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் கீழே இழுக்கும்போது அதுவும் சேர்ந்து நழுவும். இப்போதைய நேரத்தைத் தரும் ‘நவ்’ ஃபங்ஷனை உள்ளீடாகக் கொடுத்து ஏமாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். கணத்துக்குக் கணம் மாறும் உள்ளீட்டுக்கு இங்கே அனுமதி இல்லை. செல் ‘லோடிங்’ என்றே நிற்கும்.

எக்செலில் லாம்டா (ஃபார்முலாவையே ஃபங்ஷனாக்கும் வசதி) கொண்டு எழுதினால் இந்தத் தொல்லையே கிடையாது. உள்ளே இருப்பதும் ஃபார்முலாதான் என்பதால் அது தொடும் செல்களெல்லாம் எக்செலுக்குத் தெரியும். நிரல் மொழி தெரியாதவரும் ஷீட்டுக்குள்ளேயே ஃபங்ஷன் எழுத வழி வேண்டும் என்று கணினி ஆய்வாளர்கள் சைமன் பெய்ட்டன் ஜோன்ஸ், ஆலன் பிளாக்வெல், மார்கரெட் பர்னெட் மூவரும் ஆய்வுக் கட்டுரை எழுதியது 2003இல். லாம்டா அறிவிக்கப்பட்டது 2020 கடைசியில். ஆய்வுக்கு மூன்று வருட நிதி கொடுத்துவிட்டு ‘பலன் எங்கே’ என்று கேட்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் ஒருமுறை கழித்துப் பார்க்கலாம்.

வேகத்துக்கு ஒரு வார்த்தை. 300 உறுப்பினருக்கு 300 செல்லில் ஃபங்ஷன் போட்டால், ஒவ்வொன்றும் தனித்தனியாக கூகுள் சர்வருக்குப் போய் வரும். முழுப் பத்தியையும் (மேலிருந்து கீழான நெடுவரிசை) ஒரே உள்ளீடாகக் கொடுத்து, விடைகளையும் பத்தியாகவே திருப்பி அனுப்புங்கள், ஒரே பயணம். ஒற்றைப் பத்தி கொடுத்தாலும் உள்ளே அது வரிசைகளின் வரிசையாகத்தான், ஒவ்வொரு செல்லும் தனி வரிசையாக, வந்து சேரும். விடை இறங்கும் இடத்தில் ஏதாவது எழுதியிருந்தால் பிழை காட்டும். ஓர் அழைப்பு 30 விநாடிக்குள் முடிய வேண்டும்.

பிழை காட்டாத தப்புகள்தான் ஆபத்து. கொழுப்பு எழுத மறந்த செல் வெற்று எழுத்தாக உள்ளே போகும், பெருக்கினால் பூஜ்யம். தொகை குறைந்து வரும், ஷீட் வாய் திறக்காது. சதவீத வடிவில் வைத்த செல்லில் 4% இருந்தால் ஃபங்ஷனுக்குப் போவது 0.04. இன்னொன்று இதைவிட மோசம்: காலை 6.5, மாலை 5 லிட்டர் என்று வையுங்கள். அந்தப் பத்தி ‘எழுத்து’ வடிவில் இருந்தால், ஜாவாஸ்கிரிப்ட்டின் கூட்டல் குறி இரண்டையும் கூட்டாது, ஒட்டும். 11.5 வரவேண்டிய இடத்தில் 6.55 வரும். பார்க்க நியாயமான லிட்டராகவே இருப்பதால் பட்டுவாடா அன்று உறுப்பினர் வந்து கேட்கும்வரை யார் கண்ணிலும் படாது. கூட்டுவதற்கு முன் ஒவ்வோர் உள்ளீட்டையும் ஜாவாஸ்கிரிப்ட்டின் ‘நம்பர்’ கொண்டு எண்ணாக்குங்கள். லிட்டர் இருந்து கொழுப்போ லாக்டோவோ காலியாக இருந்தால் தொகை போடாமல் பிழையை எறியச் சொல்லுங்கள்.