இணையம் நின்றாலும் வைஃபை நிற்காது

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு கோயில் மண்டபம். பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, இணையத்தில் உள்ள ஒரே பக்கத்தில் கைப்பேசி வழியாகக் குடும்பப் பதிவுகளைத் தட்டச்சு செய்கிறார்கள். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அந்தப் பகுதிக்கு, அன்றைய நேட்டாலுக்கு, வந்தவர்களுக்கு ஆளுக்கோர் எண். எண்ணோடு கப்பல், ஊர், தகப்பன் பெயர். எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் கிறுக்கிய பெயரை, "இது மாரியம்மாதான்" என்று படித்துச் சொல்லப் பாட்டிமார் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய்விடுகிறது. கைப்பேசிக் கோபுரத்தின் பேட்டரியும் இறங்கிவிட்டால் டேட்டாவும் போச்சு.

எல்லோரும் ஒரே கூடத்தில்தானே இருக்கிறார்கள்! எழுத்து மட்டும் ஏன் ஊர் சுற்றி வர வேண்டும்?

வீட்டு ரவுட்டர் மூன்று வேலை செய்கிறது. ரேடியோ அலையால் கருவிகளை இணைக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் தருகிறது, வெளியே போக வழி விடுகிறது. மூன்றாவது அறுந்தாலும் முதல் இரண்டும் ஓடும். பழைய ரவுட்டர் ஒன்று, ராஸ்பெர்ரி பை 4 என்னும் குட்டிக் கணினி அல்லது பழைய மடிக்கணினி ஒன்று, ஒரு நெட்வொர்க் கேபிள், இவை போதும். இணையம் இருக்கும்போதே கணினியில், பலர் ஒரே பக்கத்தில் எழுத உதவும் ஈதர்பேட் மென்பொருளை நிறுவிவிடுங்கள். கணினியிலிருந்து வரும் கேபிளை ரவுட்டரின் லேன் (LAN, உள் இணைப்பு) துளையில் செருகுங்கள். பெரும்பாலும் தனி நிறத்தில் இருக்கும் வேன் (WAN, வெளி இணைப்பு) துளையில் செருகினால், கணினியை வெளியாளாக நினைத்து ரவுட்டர் தடுத்துவிடும். ரவுட்டருக்கு 192.168.1.1, கணினிக்கு நிரந்தரமாக 192.168.1.10, கைப்பேசிகளுக்குக் கடைசி எண் 100 முதல் 150 வரை என்று பிரித்துவிட்டால் எண்கள் மோதாது. பிரவுசரில் 192.168.1.10:9001 என்று தட்டினால் எல்லோர் முன்னும் ஒரே பக்கம் திறக்கும்.

ஒரே பக்கத்தில் பலர் எழுதினாலும் குழம்பாததற்குக் காரணம், கைப்பேசி முழுப் பக்கத்தையும் அனுப்புவதில்லை. மாற்றத்தை மட்டும் அனுப்புகிறது. மேல்வரியில் ஒருவர் 'மாரி' என்பதை 'மாரியம்மா' என்று திருத்துகிறார். நம் கண்ணுக்குக் கூடியது மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் புள்ளியும் துணைக்காலும் தனித்தனி என்பதால் கணினிக்கு அது ஐந்து. அதே நொடியில் இன்னொருவர் கீழே 400-ஆவது இடத்தில் ஊர்ப்பெயர் சேர்த்தால், சர்வர், அதாவது ஈதர்பேட் ஓடும் கணினி, அதை 405-க்கு நகர்த்தி வைக்கிறது. இந்தக் கணக்கு இல்லாவிட்டால் ஊர்ப்பெயர் வேறொரு சொல்லின் நடுவில் போய் விழும்.

பெரும்பாலும் சிக்கல் வருவது கைப்பேசியில்தான். வைஃபையில் சேர்ந்ததும் ஆண்ட்ராய்டு இணையத்தைத் தொட்டுப் பார்க்கிறது. பதில் வராவிட்டால் 'இணையம் இல்லை' என்று சொல்லிவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவுகிறது, அங்கே 192.168.1.10-ஐ யாருக்கும் தெரியாது. 'இணைப்பிலேயே இரு' என்பதைத் தேர்ந்தெடுங்கள், அல்லது மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். விருந்தினர் வைஃபையில் சேர்ந்தாலும் பக்கம் திறக்காது. அது உள்ளே இருக்கும் கருவிகளை மறைத்துவிடும். கடவுச்சொல் இல்லாமல் விடாதீர்கள், குடும்ப விவரங்கள் அல்லவா.

நீளமான மண்டபத்துக்கு இரண்டாவது ரவுட்டர் வேண்டுமானால், அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, எண் வழங்கும் டிஎச்சிபி வேலையை அதில் நிறுத்தி, லேனுக்கு லேன் இணையுங்கள். இரண்டும் எண் வழங்கினால் சிலர் தொடர்பில்லாமல் தவிக்கலாம். இரண்டின் அலைகளும் மோதாதிருக்க, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்று சேனல் 1-இலும் மற்றது 6 அல்லது 11-இலும் இருக்கட்டும்.

மின்சாரக் கணக்கில் ஏமாறுகிறவர்கள் அதிகம். மின்வெட்டில் ரவுட்டரை ஓட்டும் பேட்டரியான மினி யுபிஎஸ்ஸின் பெட்டியில் 8800 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருக்கும். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. சுமார் 32 வாட் மணிதான். ரவுட்டருக்கு 6 வாட், ராஸ்பெர்ரி பைக்கு 5 வாட் என்றால் மூன்று மணி நேரம்கூட வராது. 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி ஈய பேட்டரியில் 84 வாட் மணி உண்டு. ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆக அதுவும் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவுதான்.

பை 4-இல் கடிகார பேட்டரி கிடையாது. இணையம் இல்லாமல் எழுந்தால் பழைய நேரத்திலிருந்தே தொடரும், யார் எப்போது திருத்தினார் என்ற பதிவும் தவறும். தொடங்கும் முன் நேரத்தைக் கையால் வையுங்கள். முடிந்ததும் இரண்டு பென்டிரைவில் நகல் எடுத்து, பை கணினியை முறைப்படி நிறுத்தி, பச்சை விளக்கு சிமிட்டுவது நின்ற பிறகே வயரைப் பிடுங்குங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் மெமரி கார்டு கெட்டு, அன்று ஏற்றிய பெயர்களெல்லாம் போய்விடலாம்.