அனோரெக்சியா நெர்வோசா: பசி இல்லையா, பசியை மறுப்பதா?

கிரேக்கத்தில் 'ஓரெக்சிஸ்' என்றால் வேட்கை, பசி. முன்னால் ஒட்டும் 'அன்' இன்மையைக் குறிக்கும். காய்ச்சலில் சாப்பாடு பிடிக்காமல் போவதை மருத்துவர்கள் இன்றும் வெறும் 'அனோரெக்சியா' என்றே எழுதுகிறார்கள். அதற்குப் பசியின்மை சரியான தமிழ்தான்.

'நெர்வோசா' (நரம்பு சார்ந்தது) சேர்ந்தால் நோயே வேறு: எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் மனநோய். அதற்கு எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்பதுதான் கேள்வி. 1873-இல் பிரெஞ்சு மருத்துவர் லசேக் இதை ஹிஸ்டீரியாவோடு சேர்த்துப் பெயரிட்டார். 1874-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் வெளியிட்ட கட்டுரையில் வந்த 'அனோரெக்சியா நெர்வோசா' நிலைத்துவிட்டது.

பெயர்தான் சரியில்லை. இந்த நோயில் பெரும்பாலும் பசி எடுக்கிறது, நினைப்பெல்லாம் சாப்பாட்டிலேயே சுற்றுகிறது. எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் பசியை அடக்குகிறார்கள். அப்படி அடக்க அசாத்தியப் பிடிவாதம் வேண்டும். ஆளுமைப் பண்புகள் பற்றிய பேச்சு வருவது இங்கேதான். எதிலும் குறையே இருக்கக்கூடாது என்கிற பரிபூரணவாதம், தப்பு செய்துவிடுவோமோ என்ற பதைப்பு, இறுக்கமான ஒழுங்கு ஆகியவை பலரிடம் நோய்க்கு முன்பே, சிறு வயதிலேயே தென்படுகின்றன. பள்ளியில் பாராட்டு வாங்கித் தந்த அதே குணம் தட்டின் மீது திரும்பிவிடுகிறது.

ஆனால் எல்லாவற்றையும் பிறவிக் குணத்தின் தலையில் கட்டிவிட முடியாது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45-இல் ஆரோக்கியமான 36 ஆண்களை அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார்கள். எரிச்சல், ஒதுங்கிப்போதல், ஓயாத சாப்பாட்டு நினைப்பு, சமையல் குறிப்பு சேகரிப்பு என்று ஆளே மாறிப்போனார்கள். பட்டினியே குணத்தைத் திருகும். அப்புறம், பரிபூரணவாதிகளில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை.

இதன் உறவுக்காரச் சொல் 'புலிமியா': எருதுப் பசி. அளவில்லாமல் உண்டுவிட்டுக் குற்றவுணர்வில் வாந்தியெடுக்கும் நோய்க்குப் 'புலிமியா நெர்வோசா' என்று 1979-இல் பெயரிட்டவர் மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல். இதில் பரிபூரணவாதத்தோடு, மனம் கலங்கினால் சட்டென்று செயலில் இறங்கும் உந்துதலும் அடிக்கடி சேர்ந்திருக்கும். மணிமேகலையில் காயசண்டிகைக்கு வந்த 'யானைத்தீ' நினைவுக்கு வரலாம். ஆனால் அது அடங்காப் பசி மட்டுமே. உண்டபின் குற்றவுணர்வில் வாந்தியெடுப்பது அதில் இல்லை, அதனால் பொருந்தாது.

அனோரெக்சியா நெர்வோசாவுக்கு 'உளவியல் பசியின்மை', 'பசியற்ற உளநோய்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். இரண்டும் கிரேக்கப் பெயரின் பிழையை அப்படியே சுமக்கின்றன. என் தேர்வு 'பசிமறுப்பு நோய்'. 'மறுப்பு' மட்டும் நின்றால் வேண்டுமென்றே அடம்பிடிப்பதாகத் தோன்றும், ஆகவே 'நோய்' என்பதை விட்டுவிடாமல் சேர்த்தே எழுத வேண்டும்.