ரீஃபண்டில் கை வைக்கும் பழைய டிமாண்ட்

வருமான வரி ரிட்டர்ன் போட்டாயிற்று, ஈ-வெரிஃபையும் செய்தாயிற்று. 18,400 ரூபாய் ரீஃபண்ட் வரவேண்டும். வங்கிக் கணக்கில் ஏறியதோ 11,900. மீதி 6,500 எங்கே போனது என்று தேடினால், என்றோ ஒரு வருடத்தின் வரிப் பாக்கியில், அதாவது பழைய 'டிமாண்ட்' ஒன்றில், கழித்துக்கொண்டார்கள் என்று தெரியவருகிறது. வருமான வரிச் சட்டம் 1961இன் 245ஆவது பிரிவு துறைக்கு இந்த அதிகாரத்தைத் தருகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் இந்த ஏற்பாடு அதிலும் தொடர்கிறது. ஆடிட்டர்கள் என்னவோ 'டூ ஃபார்ட்டி ஃபைவ் நோட்டீஸ்' என்றுதான் இன்னும் சொல்வார்கள்.

இந்தப் பிரிவின்படி கழிக்கக்கூடியது வருமான வரிச் சட்டத்தின் கீழ் உள்ள பாக்கியை மட்டும்தான். வரி, வட்டி, அபராதம் எல்லாம் அதில் அடக்கம். கல்விக் கடனோ வீட்டு வரியோ இதற்குள் வராது. அமெரிக்காவில் அப்படியில்லை, அங்கே குழந்தை பராமரிப்புத் தொகை பாக்கி இருந்தாலும் ரீஃபண்டில் பிடித்துக்கொள்வார்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் பிடிக்க முடியாது என்பதுதான் முக்கியம். கழிப்பதற்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவிலேயே இருக்கிறது. 2013இல் தில்லி உயர் நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அப்படியானால் பலருக்கு ஏன் தெரியாமலே போகிறது? வருமான வரித் துறையின் இணையதளமான போர்ட்டலில் பதிவான மின்னஞ்சல் பல சமயம் முன்பு ரிட்டர்ன் போட்டுத் தந்தவருடையதாக இருக்கும். நோட்டீஸ் அவருக்குப் போகும், அவர் திறந்தே பார்த்திருக்க மாட்டார். கெடுவுக்குள் பதில் வராவிட்டால் உங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொண்டு கழித்துவிடுவார்கள்.

பதில் சொல்ல, போர்ட்டலில் 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' என்பதற்குள் 'ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' என்ற பக்கம் இருக்கிறது. டிமாண்ட் சரி என்று ஒப்புக்கொள்ளலாம், முழுதாகவோ பகுதியாகவோ மறுக்கலாம். ரீஃபண்ட் சீக்கிரம் வந்தால் போதும் என்று 'சரி' என்பதை அழுத்திவிடாதீர்கள். ஒருமுறை அழுத்திவிட்டால், பிறகு அங்கே மறுக்க வழியில்லை. மறுத்தால் விஷயம் உங்கள் ஏஓவிடம், அதாவது மதிப்பீட்டு அலுவலரிடம் போகும். அவர் 21 நாளில் கருத்துச் சொல்ல வேண்டும் என்று 2022 நவம்பரில் துறை அறிவுறுத்தியது.

மறுக்கக் காரணம் உண்டா என்று பார்க்க, அந்த வருடத்தின் 26ஏஎஸ் படிவத்தையும் (உங்கள் பெயரில் பிடித்த, கட்டிய வரியின் பட்டியல்) சலானையும் (வரி கட்டிய ரசீது) பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக மாட்டுவது, சலானில் மதிப்பீட்டு ஆண்டை (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) தவறாகப் போட்டது. கட்டிய பணம் ஒரு வருடத்தில் சும்மா கிடக்கும், இன்னொரு வருடத்தில் பாக்கி நிற்கும். பிஎஸ்ஆர் கோடு (வங்கிக் கிளையின் எண்), சலான் எண், தேதி மூன்றையும் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம். ஆன்லைனில் திருத்தச் சில நாள்தான் அவகாசம், அது போனால் ஏஓதான்.

இன்னொன்று, கம்பெனி சம்பளத்திலேயே டிடிஎஸ் என்று வரியைப் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் விட்டது. இதில் ஊழியர் பக்கம் சட்டம் இருக்கிறது: பிடித்த வரியை அவரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்கிறது 205ஆவது பிரிவு. ரீஃபண்டில் கழிப்பதும் அப்படிக் கேட்பதுதான், கூடாது என்று 2023இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரி பிடித்ததைக் காட்டும் சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மேல்முறையீடு நடக்கிறதென்றால், வழக்கமாக டிமாண்டில் 20 சதவீதம் கட்டினால் மீதி வசூலை நிறுத்திவைப்பார்கள். அந்த ஸ்டே உத்தரவைப் பதிலோடு இணைக்க வேண்டும்.

பாக்கி உண்மையானது என்றால் கட்டித் தீர்ப்பதுதான் லாபம். கட்டாத டிமாண்டுக்கு மாதம் 1 சதவீதம் வட்டி, நமக்கு வரவேண்டிய ரீஃபண்டுக்குத் துறை தருவது அரை சதவீதம். அரசாங்கக் கணக்கு அப்படி! ரொம்பப் பழைய சில்லறைப் பாக்கியாக இருந்தால், 2024இல் தள்ளுபடியானதா என்று முதலில் பாருங்கள். 2009-10 நிதியாண்டு வரை 25,000 ரூபாய்க்குள், 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய்க்குள் இருந்த டிமாண்டுகளை, ஒருவருக்கு மொத்தம் ஒரு லட்சம் என்ற வரம்போடு நீக்கினார்கள்.

சரி, பணத்தை ஏற்கெனவே கழித்துவிட்டார்களா? அதோடு முடிந்துபோவதில்லை. டிமாண்ட் தவறென்றால் அந்தப் பழைய வருடத்துக்கு 154ஆவது பிரிவின்படி திருத்த மனு போடலாம். திருத்த வேண்டிய உத்தரவு வந்த நிதியாண்டின் முடிவிலிருந்து நான்கு ஆண்டுகள் அவகாசம். டிமாண்ட் ரத்தானால் பிடித்த தொகை அந்த வருடத்தின் ரீஃபண்டாகத் திரும்பி வரும்.