கொம்பு முளைத்த ஐரிஸ் எந்த வரிசையில் நிற்கும்?

ஐரிஸ் என்னும் அலங்காரப் பூச்செடிக்கு, அமெரிக்க ஐரிஸ் சங்கத்தின் விதிப்படி நடக்கும் கண்காட்சியில், பெயரிட்ட ஒரு பூ எந்தப் பிரிவில் போட்டியிடும் என்பதை, அதை உருவாக்கியவர் பதிவு செய்த வகுப்பே முடிவு செய்கிறது. மேசையில் அது எப்படித் தோன்றுகிறது என்பது அன்று. வழக்கத்தை மீறிய கலப்பினங்கள் சில சமயம் வாழ்வதும் சில சமயம் ஒதுங்குவதும் இதனால்தான்.

கீழிதழின் மேல் தாடிபோல மயிர்ப்பட்டை உள்ளவை தாடி ஐரிஸ்கள். அவற்றில் அந்தத் தாடியின் நுனி சில செடிகளில் கொம்பாகவோ, கரண்டியாகவோ, கொசுவமாகவோ நீளும். 1950களில் கலிபோர்னியாவின் லாய்ட் ஆஸ்டின் இவற்றை 'விண்வெளி யுக' ஐரிஸ் என்று பெயர் சூட்டி விற்றபோது, குறையைக் கூட விலைக்கு வைக்கிறார்களே என்று முகம் சுளித்தவர்கள் பலர். ஆயினும் இவற்றுக்குத் தனிப் பிரிவு ஏற்படவில்லை. உயரம் 70 செ.மீ.க்கு மேல் என்றால் நெட்டைத் தாடி வகுப்பு, அவ்வளவுதான். மற்றவற்றோடு சமமாகப் போட்டியிட விட்ட அந்த ஏற்பாடுதான் பின்னர் கைகொடுத்தது: மான்டி பையர்ஸ் உருவாக்கிய கொம்புள்ள 'தார்ன்பேர்ட்' 1997இலும் 'கான்ஜுரேஷன்' 1998இலும், மிக உயர்ந்த விருதான டைக்ஸ் பதக்கத்தை வென்றன.

வடிவத்தில் அல்லாமல் வம்சத்தில் விலகினால் கதை வேறு. ஜப்பானிய ஐரிஸையும் (24 குரோமோசோம்கள்) மஞ்சள் நீர் ஐரிஸையும் (34) இணைத்தால், இரண்டிலிருந்தும் பாதி பெற்று 29 குரோமோசோம்களுடன் பிள்ளை பிறக்கிறது. அவை இணை சேர முடியாததால் அது பெரும்பாலும் மலட்டுச் செடி. கண் மை தீட்டியதுபோன்ற அதன் பூ எவ்வளவுதான் ஜப்பானியச் சாயலில் இருந்தாலும், ஜப்பானிய ஐரிஸுக்குரிய பெய்ன் பதக்கத்துக்குப் போட்டியிட முடியாது. சிற்றினக் கலப்புகளுக்குரிய ராண்டால்ஃப்-பெர்ரி பதக்கமே அதன் களம். மேற்காசியாவின் ஆரில் என்னும் ஐரிஸ் வகை கலந்தவற்றிலோ இன்னும் நுணுக்கம்: ஆரில் வம்சப் பங்கு பாதியோ அதற்கு மேலோ எனில் கிளாரன்ஸ் ஒயிட் பதக்கம், கால் முதல் பாதிக்குள் எனில் வில்லியம் மோர் பதக்கம். பூவை விட்டுப் பரம்பரைக் கணக்கைப் பார்ப்பது எனக்குச் சற்று விசித்திரமாகவே படுகிறது.

ஆனால் கலப்பே வகுப்பாவதும் உண்டு. நெட்டைத் தாடியின் 48 குரோமோசோம்களில் 24உம், புமிலா என்னும் குட்டையான ஐரிஸ் இனத்தின் 32இல் 16உம் சேர்ந்து உண்டான 40 குரோமோசோம் செடிகள், ஒரு காலத்தில் துணிச்சலான பரிசோதனை. அவை தம்முள் கலந்து விதை தந்ததால் பெருகின. இன்று 20 முதல் 41 செ.மீ. வரையிலான குட்டைத் தாடி வகுப்புக்கென்று தனிப் பதக்கமே இருக்கிறது. அதற்கு, அவற்றை உருவாக்கிய பால் குக், கெடஸ் டக்ளஸ் இருவரின் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.