சொல் விளக்கம்: ‘கிறிஸ்துவில் அடையாளம்’ தமிழா?

‘கிறிஸ்துவில் உங்கள் அடையாளத்தைக் கண்டடையுங்கள்.’ வாலிபர் முகாம் சுவரொட்டியில் இது இருக்கிறது. தியான நூலின் அட்டையில் இருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே திரையில் வந்துபோகிறது. ஆங்கிலம் தெரிந்தவர் இதைப் பார்த்ததும் மனசுக்குள் ‘ஐடென்டிட்டி இன் கிறைஸ்ட்’ என்று ஆங்கிலமாக்கிப் புரிந்துகொள்கிறார். தமிழ் வேதாகமத்தை நாள்தோறும் வாசிக்கிற, வேறு மொழி அறியாத ஒரு தாயாருக்கு இந்த வாக்கியம் எதைச் சொல்லும்? கிறிஸ்துவின்மேல் ஏதோ ஒரு குறி இருக்கிறது, அதைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்றுதான் சொல்லும். ஆணிக் காயத்தைப் பார்க்கக் கேட்ட தோமாவை நினைத்துக்கொண்டால் அது அவர் குற்றமில்லை.

மூலச்சொல்லை முதலில் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘இதெம்’ என்றால் ‘அதே’. அதிலிருந்து பிறந்த ஐடென்டிட்டி என்ற சொல்லுக்கு ‘அதுவாகவே இருத்தல்’ என்று பொருள். நம் கணக்குப் புத்தகங்கள் இதை ‘முற்றொருமை’ என்று அழகாகவே பெயர்த்திருக்கின்றன. ‘நான் யார் என்ற உணர்வு’ என்ற பொருளில் இச்சொல் பரவலானது 1950-களில், உளவியலாளர் எரிக் எரிக்சனின் எழுத்துகளுக்குப் பிறகு. மேற்கத்தியப் பிரசங்கங்களுக்கு அது அங்கிருந்து வந்தது. நமக்கு அந்தப் பிரசங்கங்களிலிருந்து வந்தது. பவுலின் நிருபங்களில் இதற்கு நேரான கிரேக்கச் சொல் கிடையாது.

இனி ‘அடையாளம்’. ஒன்றை அல்லது ஒருவரைப் பிறர் இனங்கண்டுகொள்ள உதவும் குறி என்பதே தமிழில் இதன் பொருள். பெரியாழ்வார் திருமொழியில் அனுமன் சீதை முன் நின்று, அவளும் இராமனும் அறிந்த செய்திகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். மல்லிகை மாலையால் கட்டியதும் ‘ஓர் அடையாளம்’, குகனோடு தோழமை கொண்டதும் ‘ஓர் அடையாளம்’. கடைசியில் மோதிரத்தைப் பார்த்துவிட்டுச் சீதை ‘ஒக்குமால் அடையாளம்’ என்று மகிழ்கிறாள். அடையாளம் ஒத்துப்போனதால் வந்தவன் இராமனுடைய ஆள் என்று தெரிந்தது. அனுமன் இராமனுடைய ஆளாக ஆனது அந்த மோதிரத்தால் அல்ல. மோதிரம் கைக்கு வருவதற்கு முன்பே அவன் அவனுடையவன்தான்.

இன்றைய வழக்கும் இதே பாதையில்தான் போகிறது. ‘அடையாளம் தெரியாத ஆண் சடலம்’ என்று செய்தித்தாள் எழுதுகிறது. இறந்தவருக்கு ஊரும் பேரும் உண்டு, நமக்குத் தெரியவில்லை, அவ்வளவே. வாக்காளர் அடையாள அட்டை 1993-இல் வந்தபோது அந்தப் பெயர் சரியாகவே அமைந்தது. அட்டை வாக்காளரைக் காட்டித் தருகிறது. அவரை வாக்காளர் ஆக்குவதில்லை. ஆனால் ‘அடையாள அட்டை’யில் உள்ள ஆங்கிலச் சொல்லும் மனிதன் தன்னைப் பற்றிக் கேட்கும் கேள்வியில் உள்ள ஆங்கிலச் சொல்லும் ஒன்றாக இருந்ததால், இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டுவிட்டார்கள். தவறு நுழைந்த இடம் இதுதான்.

இதைவிடக் கவலை தருவது ஒன்று உண்டு. தமிழில் அடையாளம் என்றால் ‘பேருக்கு’ என்றும் பொருள். ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தம், அடையாள உண்ணாவிரதம் என்கிறோம். இந்தக் காதோடு ‘கிறிஸ்தவ அடையாளம்’ என்பதைக் கேட்டுப் பாருங்கள். பேருக்குக் கிறிஸ்தவனாக இருக்கிறவன் நினைவுக்கு வருகிறான். எந்த நிலையிலிருந்து மக்களை வெளியே அழைக்கப் பிரசங்கி பாடுபடுகிறாரோ, அதற்கே பெயர் சூட்டியதாக ஆகிறது.

வேதாகமத் தமிழிலும் இந்தச் சொல்லுக்கு உறுதியான இடம் உண்டு. நோவாவுக்கு வானவில், எகிப்தில் வீட்டு நிலைகளில் பூசிய இரத்தம், மேய்ப்பருக்கு முன்னணையில் கிடத்திய பிள்ளை (‘இதுவே உங்களுக்கு அடையாளம்’), யூதாஸ் சேவகருக்குச் சொல்லிவைத்த முத்தம் என எல்லாமே வெளியே தெரியும் குறிகள். ரோமர் 4:11 இன்னும் கூர்மையானது. ஆபிரகாம், விருத்தசேதனம் பெறும் முன்பே விசுவாசத்தால் அடைந்த நீதிக்கு முத்திரையாக ‘விருத்தசேதனமாகிய அடையாளத்தை’ப் பெற்றான் என்கிறார் பவுல். அந்த அதிகாரத்தின் வாதமே இந்த வரிசையில்தான் நிற்கிறது: முதலில் நீதிமான் என்ற நிலை, பின்னால் அடையாளம். அடையாளத்தைக் காட்டி நிலையைக் கோரியவர்களைத்தான் அவர் மறுக்கிறார். அவர் எதைப் பின்னுக்குத் தள்ளினாரோ அதே சொல்லால் அவருடைய போதனையின் மையத்துக்குப் பெயர் வைப்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

சிலர் இடர்ப்பாட்டை உணர்ந்து ‘தனித்துவம்’ என்று மாற்றிப் பார்க்கிறார்கள். அது இன்னும் தூரம் விலகிப் போகிறது. தனித்துவம் என்பது ஒருவரைப் பிறரிடமிருந்து பிரிக்கும் தன்மை. பவுல் பேசுவதோ ஒருவர் இன்னொருவரோடு சேர்க்கப்பட்டதை. ‘சுயம்’ சபைக்குள் வரவே முடியாது; சுயத்தை வெறுக்கச் சொல்லிப் பழகிய மேடையில் ‘கிறிஸ்துவில் உன் சுயத்தைக் கண்டுகொள்’ என்றால் கேட்பவர் குழம்பத்தான் செய்வார். ‘ஆளுமை’ ஒருவரின் குணவலிமையைச் சொல்லும் சொல். சாவின் விளிம்பில் மனந்திரும்பிய கள்ளனுக்கு அதில் என்ன பங்கு? ‘உரிமை’ நல்ல பழஞ்சொல், உறவு என்ற பொருளும் அதற்கு இருந்தது. ஆனால் இன்று அது போராடிக் கேட்டு வாங்கும் ஒன்றாகிவிட்டது. கிருபையைச் சொல்ல அது ஒத்துவராது.

அப்படியானால் சரியான தமிழ் எது? தமிழர் இந்தக் கேள்வியை எப்படிக் கேட்டு வந்திருக்கிறோம் என்று பார்த்தால் பதில் கையில் இருக்கிறது. புதிதாக ஊருக்குள் வந்த பிள்ளையிடம் ‘உன் அடையாளம் என்ன’ என்று எந்தப் பாட்டியும் கேட்டதில்லை. ‘யாரு வீட்டுப் பிள்ளை நீ?’ என்றுதான் கேட்பாள். நீ யார் என்பதற்கு விடை, நீ யாருடையவன் என்பதில் இருக்கிறது. பவுலும் இப்படித்தான் எழுதுகிறார். ‘பிழைத்தாலும் மரித்தாலும் நாம் கர்த்தருடையவர்களாயிருக்கிறோம்’ (ரோமர் 14:8). ஏசாயா 43:1-இல் கர்த்தர் சொல்வதும் இரண்டே சொல்: ‘நீ என்னுடையவன்’. சீர்திருத்த சபைகளின் போதனை நூலாக 1563-இல் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடையின் முதல் கேள்வியே வாழ்விலும் சாவிலும் உன் ஒரே ஆறுதல் எது என்பதுதான். ‘நான் எனக்குச் சொந்தமல்ல, என் இரட்சகருக்கே சொந்தம்’ என்ற கருத்தோடு அதன் விடை தொடங்குகிறது.

பாட்டியின் கேள்வியில் ஒரு முள்ளும் உண்டு. பல ஊர்களில் அது சாதியைத் தெரிந்துகொள்ளக் கேட்கும் கேள்வி. அதனால்தான் கலாத்தியர் 3-ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களைப் பிரிக்காமல் வாசிக்க வேண்டும். யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்ற பழைய விடைகளை 28-ஆம் வசனம் கழித்துப் போடுகிறது. ‘நீங்கள் கிறிஸ்துவினுடையவர்களானால்’ என்று 29 புது விடையைத் தருகிறது. கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் பழைய விடையையே கேட்டுக்கொண்டிருக்கிற சபைகளுக்கு ‘கிறிஸ்துவில் அடையாளம்’ என்ற மழுங்கிய தொடர் எந்தச் சங்கடத்தையும் தருவதில்லை. ‘நீ யாருடையவன்?’ என்ற கேள்வி தரும்.

‘கிறிஸ்துவினுடையவர்’ என்பதில் உள்ள ‘உடைய’ ஆறாம் வேற்றுமையின் சொல்லுருபு. அதன் பொருளை நம் இலக்கணம் கிழமை என்கிறது. அதாவது, ஒன்றுக்கு மற்றொன்றோடுள்ள உறவு. நன்னூல் அதை இரண்டாகப் பிரிக்கும். சாத்தனது கை என்பது தற்கிழமை, உறுப்பு உடையவனைவிட்டுப் பிரியாது. சாத்தனது வீடு பிறிதின்கிழமை, அவனுக்கு வெளியே உள்ள பொருள். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் இரண்டையும் சொல்கிறார். 6-ஆம் அதிகாரத்தில் ‘கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே’ என்கிறார், அது விலைக்கு வாங்கிய பொருள். 12-ஆம் அதிகாரத்தில் அதே மக்கள் கிறிஸ்துவின் சரீரத்தில் அவயவங்கள். வெளியிலிருந்து வாங்கப்பட்டவர்கள் உறுப்பாகவே ஆகிவிட்டார்கள். பிறிதின்கிழமை தற்கிழமையானதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லத் தமிழில் கருவி இருக்கும்போது கடன் வாங்கிய மொழிபெயர்ப்பு எதற்கு?

துதிக்கு வருகிறேன், ஏனென்றால் ‘அடையாளம்’ என்ற சொல்லால் மிகுதியாகச் சேதப்பட்டது அதுதான். ‘கடவுளைத் துதிக்கும்போது நம் அடையாளம் வலுப்படுகிறது’ என்று இப்போது சொல்லித் தருகிறார்கள். துதி நம்மை நன்றாக உணரவைக்கும் பயிற்சிபோல ஆகிவிட்டது. வேதாகமத்தில் ஓட்டம் நேர்மாறானது. ‘நீங்கள் உங்களுடையவர்களல்ல’ என்ற பிறகு ‘ஆகையால் தேவனை மகிமைப்படுத்துங்கள்’ என்று வருகிறது. அந்த ‘ஆகையால்’தான் துதிக்கான காரணம். சங்கீதம் 100-இலும் ‘நாம் அவர் ஜனங்கள்’ என்று சொன்ன பிறகே ‘அவர் வாசல்களில் துதியோடும்’ வரச் சொல்கிறது. அந்தச் சங்கீதத்தின் 3-ஆம் வசனத்தில் எபிரெயப் பிரதிகளுக்குள்ளேயே ஒரு சிறிய வேறுபாடு உண்டு. ‘லோ’ என்ற ஒலிப்பை ஓர் எழுத்தால் எழுதினால் ‘நம்மை உண்டாக்கியவர் அவரே, நாம் அல்ல’ என்றாகும், மற்றோர் எழுத்தால் எழுதினால் ‘நம்மை உண்டாக்கியவர் அவரே, நாம் அவருடையவர்கள்’ என்றாகும். நம் பழைய மொழிபெயர்ப்பு முதலாவதைக் கொண்டது. இரண்டாவது பாடம் இந்தக் கட்டுரையின் பொருளையே சொல்லிவிடுகிறது.

1 பேதுரு 2:9 இன்னும் தெளிவு. ‘அவருக்குச் சொந்தமான ஜனம்’ எதற்காக? அழைத்தவருடைய ‘புண்ணியங்களை அறிவிக்கும்படிக்கு’. இன்றைய வாசகர் புண்ணியம் என்றதும் தானதர்மத்தின் பலனை நினைத்துக்கொண்டு வசனத்தைத் தாண்டிப் போய்விடுகிறார். பேதுரு இங்கே ஏசாயா 43:21-இன் கிரேக்க மொழிபெயர்ப்பை எதிரொலிக்கிறார். அங்கே எபிரெய மூலத்தில் உள்ள சொல் ‘தெஹில்லா’, அதாவது துதி. சங்கீதப் புத்தகத்தின் எபிரெயப் பெயரான ‘தெஹில்லீம்’ இதன் பன்மைதான். நம் வேதாகமம் ஏசாயாவில் ‘இவர்கள் என் துதியைச் சொல்லிவருவார்கள்’ என்று சரியாகவே தந்திருக்கிறது. ஆக, சொந்தமாக்கப்பட்டதும் துதியும் ஒரே மூச்சில் வருகின்றன. எபேசியர் 1:14-லும் அப்படியே: ‘அவருக்குச் சொந்தமானவர்கள் அவருடைய மகிமைக்குப் புகழ்ச்சியாக’ மீட்கப்படுவார்கள். இரண்டு இடத்திலும் ‘சொந்தம்’ என்பதற்குக் கிரேக்கத்தில் ஒரே சொல், ‘பெரிபோயேசிஸ்’. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு இடத்திலும் ‘சொந்தமான’ என்று பிடிவாதமாக வைத்திருக்கிறார்கள். அவர்கள் உரைநடை கரடுமுரடு என்று குறைசொல்கிறவர்கள் இந்தக் கவனத்தை முதலில் கற்றுக்கொள்ளட்டும்.

வேற்றுமை உருபையும் காப்பாற்ற வேண்டும். நம் பழைய வேதாகமமான 1871-இன் ஐக்கிய மொழிபெயர்ப்பில் ‘கிறிஸ்துவுக்குள்’ என்று இருக்கிறது. 1995-இன் பொது மொழிபெயர்ப்பு 2 கொரிந்தியர் 5:17-இல் ‘கிறிஸ்துவோடு இணைந்திருக்கும்போது’ என்று விரித்து, ‘பழையன கழிந்து புதியன புகுந்தன அன்றோ!’ என்று நன்னூல் நடையில் முடிக்கிறது. இரண்டுமே தமிழ். ‘கிறிஸ்துவில்’ என்ற மொட்டை வடிவமோ உள்ளே இருப்பதையும் சொல்லாது, இணைந்திருப்பதையும் சொல்லாது.

மொழிபெயர்ப்பில் உட்காருகிறவர்களுக்குச் சில வாக்கியங்கள். ‘உன் அடையாளம் உன் வேலையில் இல்லை, கிறிஸ்துவில் இருக்கிறது’ என்பதை ‘வேலையை வைத்து உன்னை எடைபோடாதே, நீ கிறிஸ்துவினுடையவன்’ என்று எழுதலாம். பாடத்தின் தலைப்பாக வந்தால் ‘கிறிஸ்துவுக்குள் நாம் யார்?’ போதும். ‘அடையாள நெருக்கடி’ என்பது ‘தான் யாரென்ற குழப்பம்’. ‘தேவனுடைய பிள்ளை என்ற அடையாளம்’ என்று வந்தால் கடைசிச் சொல்லை வெட்டிவிட்டு ‘தேவனுடைய பிள்ளை’ என்று நிறுத்துங்கள், எதுவும் குறையாது. பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல்லே வேண்டும் என்று அடம்பிடிப்பதுதான் இத்தனை கேட்டுக்கும் வேர். ஆங்கிலம் பெயர்ச்சொல்லில் சொல்வதைத் தமிழ் ஒரு வினையிலோ வேற்றுமை உருபிலோ முடித்துவிடும்.

இதற்காக எல்லா ‘அடையாள’த்தையும் ஒரே தட்டலில் மாற்றிவிடக் கூடாது. சாதி, மொழி, இனம் சார்ந்து சமூகம் ஒருவரை எப்படி இனங்காண்கிறது என்று ஆராய்கிற கட்டுரைகளில் அது பொருந்தும். திருமுழுக்கையும் நற்கருணையையும் உள்ளான கிருபைக்கு வெளியான, காணக்கூடிய அடையாளம் என்று ஞானோபதேசம் சொல்வதும் நூற்றுக்கு நூறு சரி. ஒருவரிலொருவர் அன்பாயிருந்தால் ‘அதினால் நீங்கள் என்னுடைய சீஷர்களென்று எல்லாரும் அறிந்துகொள்வார்கள்’ என்று யோவான் 13:35-இல் இயேசு சொல்லும் அந்த அன்பையும் தயங்காமல் அடையாளம் என்று எழுதலாம். பிறர் பார்த்து அறிந்துகொள்வது அது. ‘என்னுடைய’ என்ற சொல் அதே வசனத்தில் தனியாகத்தான் நிற்கிறது.