மூளை இல்லாமல் எண்ணும் இலை

“விலங்குக்கு நரம்பு இருக்கிறது, மூளை இருக்கிறது. செடிக்கு இரண்டும் இல்லையே, தொட்டது அதற்கு எப்படித் தெரிகிறது?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தூண்டல், துலங்கல் எல்லாம் பள்ளியில் படித்ததுதான். வேர் ஈரத்தைத் தேடிப் போகும், தண்டு வெளிச்சத்தின் பக்கம் வளையும், சூடு பட்டால் கை தானாகப் பின்வாங்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு, நேராக வீனஸ் ஃப்ளைட்ராப்புக்குப் போய்விடுவோம்.

அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களில் சத்தில்லாத ஈர மண்ணில் வளரும் செடி இது. மண் தராத நைட்ரஜனைப் பூச்சிகளிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. இலை நுனி இரண்டு மடல்களாக விரிந்திருக்கும். ஒவ்வொரு மடலின் உள்பக்கத்திலும் பொதுவாக மூன்று உணர்மயிர்கள். ஒரு மயிரை ஒரு முறை தொட்டால் எதுவும் நடக்காது. சுமார் 20 நொடிக்குள் இன்னொரு முறை தொட்டால் மடல்கள் படக்கென்று மூடிவிடும். அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு.

ஏன் இரண்டு? ஒரு மழைத்துளிக்கும் காற்றில் வந்த தூசுக்கும் மூடிக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. மூடித் திறப்பதற்கு ஆற்றல் செலவாகும். பூச்சி என்றால் நடக்கும், மறுபடி இடிக்கும்.

சரி, முதல் தொடுகையை இருபது நொடி எங்கே நினைவில் வைத்திருக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மயிர் வளையும்போது அதன் அடியிலுள்ள செல்களில் ஒரு மின்துடிப்பு கிளம்பி மடல் முழுக்கப் பரவுகிறது. இந்த மின்சாரத்தை ஜான் பர்டன் சாண்டர்சன் என்ற ஆங்கிலேய உடலியலாளர் 1873லேயே அளந்து காட்டிவிட்டார். துடிப்போடு சேர்ந்து செல்லுக்குள் கால்சியம் அயனிகளின் அளவும் ஏறுகிறது. ஏறியதைச் செல் உடனே வெளியேற்றத் தொடங்குகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். ஒரு செம்பு ஊற்றினால் விளிம்பைத் தொடாது. அது ஒழுகி முடிவதற்குள் அடுத்த செம்பை ஊற்றினால் வழிந்துவிடும்; கால்சியம் அப்படி எல்லை தாண்டும்போதுதான் மடல் மூடுகிறது. தாமதித்து ஊற்றினால் மறுபடி முதலிலிருந்துதான். எண்ணிக்கை, கடிகாரம் இரண்டும் இந்தக் கசிவிலேயே அடங்கிவிடுகின்றன. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், கால்சியம் கூடினால் பச்சையாக ஒளிரும் புரதத்தைச் செடிக்குள் புகுத்தி, ஒவ்வொரு தொடுகைக்கும் இலை ஒளிர்வதைப் படமே பிடித்துவிட்டார்கள்.

மூடியதோடு எண்ணிக்கை நிற்பதில்லை. உள்ளே மாட்டிய பூச்சி திமிறத் திமிற மயிர்கள் மேலும் அசைகின்றன. ஐந்து தொடுகை அளவுக்கு வந்தால் செரிமான நொதிகளுக்கான மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. அதிகம் திமிறினால் நொதியும் அதிகம்! அசைவே இல்லையென்றால் ஒரு நாள் போல் பொறுத்துவிட்டு இலை திறந்துகொள்ளும். இந்த நொதிகளைச் சுரக்கச் சொல்வது ஜாஸ்மோனேட் என்ற ஹார்மோன். சாதாரணச் செடிகளில், புழு இலையைக் கடிக்கும்போது தற்காப்புக்காகச் சுரப்பதும் இதுவேதான். பூச்சியை விரட்ட வைத்திருந்த ஏற்பாடே இங்கே பூச்சியைத் தின்னப் பயன்படுகிறது.

விலங்குகளிலும் தொடக்கம் கிட்டத்தட்ட இப்படித்தான். செல்லின் சவ்வு இழுபட்டால் அதிலுள்ள புரதத் துளைகள் திறந்து அயனிகள் பாய்கின்றன. அப்புறம்தான் நரம்பு, மூளை எல்லாம். நம் தொடுவுணர்வுக்கான துளை எது என்பது 2010இல்தான் தெரியவந்தது. அமெரிக்க ஆய்வாளர் ஆர்டெம் பட்டாபூட்டியனின் குழு சந்தேகத்துக்குரிய 72 மரபணுக்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாக முடக்கி, செல்லை நுண்குழாயால் குத்திப் பார்த்தது. அப்படி அகப்பட்டது பியஸோ. 2021இல் நோபல் பரிசும் வந்தது. “இதனால் உடனடிப் பயன் என்ன?” என்று விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே கேட்கும், ஆராய்ச்சிக்குப் பணம் தரும் குழு இப்படிப்பட்ட வேலைக்குக் கையெழுத்துப் போடுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இதையெல்லாம் வைத்து “செடிக்கும் வலிக்கும், மனசு உண்டு” என்று கிளம்புபவர்கள் இருக்கிறார்கள். 1966இல் கிளீவ் பாக்ஸ்டர் என்பவர் பொய் கண்டறியும் கருவியைச் செடியில் மாட்டி, அது தன் எண்ணத்தைப் படிக்கிறது என்றார். முறையாகக் கட்டுப்படுத்திச் செய்த சோதனைகளில் அது எடுபடவில்லை. கதை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மயக்க மருந்தான ஈதர் ஆவியில் வைத்தால் வீனஸ் ஃப்ளைட்ராப்பும் செயலிழக்கிறது என்பதையும் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். மயிரைத் தொட்டாலும் மின்துடிப்பு எழாது, பொறி மூடாது. ஈதரை எடுத்துவிட்டால் பழையபடி மூடும். ஆனால் ஈதர் தடுப்பது மின்துடிப்பைத்தான். துடிப்பு நின்றால் பொறியும் நிற்கும். இதில் மனசுக்கு வேலையே இல்லை.